மைனாவுக்கு எத்தனை குப்பி?

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்தது. ஓட்டப்பிடாரத்துக் கரிசலில் அந்த நேரத்தில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கை மண் செருப்பில் அப்பிக்கொண்டு கால் கனக்கும். உளுந்துக் காட்டுப் பொழியோரம் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த மைனா சட்டென்று நின்றது. தலையை உதறியது. முன்காலால் மூக்கைத் தேய்த்தது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கம்போடு ஓடி வந்து புல்லை விலக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சுருட்டை. மூக்குல போட்டுட்டு. நிக்காதிய, தூக்குங்க."

மைனா கன்னி இனத்து நாய். மூன்று வயது, பதினெட்டு கிலோ. தூக்கிக்கொண்டு பைக்கில் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. டாக்டர் முதல் வேலையாக இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, புதிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசைமேல் அசைக்காமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் போல ஓடியது. உறையவே இல்லை.

சுருட்டைவிரியனின் விஷம் செய்கிற வேலை அதுதான். ரத்தத்தை உறைய வைக்க உடம்பில் இருக்கும் புரோத்ராம்பின் என்ற புரதத்தை அது கண்டபடி முடுக்கிவிடுகிறது. எங்கே காயம், எங்கே தேவை என்ற கணக்கே இல்லாமல் ரத்தக் குழாய்களுக்குள் நுண்ணிய உறைவுகள் உண்டாகி, உறைவதற்கான சரக்கெல்லாம் தீர்ந்துபோகிறது. பிறகு எங்கே கசிந்தாலும் அடைக்க ஆளில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும். மனிதருக்கும் இதே சோதனைதான்.

அடுத்து விஷமுறிவு மருந்து. இந்தியாவில் கிடைப்பது நாலு பாம்புக்கும் பொதுவான மருந்து: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து மருந்து செய்கிறார்கள். ஒரு மில்லி மருந்து 0.45 மில்லிகிராம் சுருட்டைவிரியன் விஷத்தை முறிக்கும் என்பது அதன் தர அளவு. பத்து மில்லிக் குப்பி என்றால் 4.5 மில்லிகிராம்.

"நாய் சின்ன உடம்புதானே டாக்டர், ஒரு குப்பி போதாதா?" என்று நான் கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான். காய்ச்சல் மாத்திரை கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. விஷமுறிவு மருந்தோ நாயின் உடம்போடு சண்டை போடுவதில்லை. உள்ளே போன விஷத்தோடு போடுகிறது. பாம்பு எடை பார்த்துக் கடிப்பதில்லை. எண்பது கிலோ ஆளைக் கடித்தாலும் பதினெட்டு கிலோ நாயைக் கடித்தாலும் பையில் இருப்பதைத்தான் இறக்கும். அதனால்தான் பாம்புக்கடிக்கு வரும் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்து தருகிறார்கள். சிறிய உடம்பில் அதே விஷம் இன்னும் கடுமையாக வேலை செய்யும் என்பதுதான் வித்தியாசம். மைனாவுக்குக் குப்பிமேல் குப்பியாக ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அந்தக் கண்ணாடிக் குழாய் சோதனை. மறுநாள் காலைதான் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக நின்றது.

மைனா பிழைத்தது. நான்கு நாள் செலவு 28,000 ரூபாய். எட்டு மாதத்துக்கு முன் அதற்கு ஒரு பாலிசி எடுத்திருந்தேன். காப்பீட்டுத் தொகை 40,000. இருபத்தெட்டு நாற்பதுக்குள்தானே இருக்கிறது என்று நிம்மதியாகத் தாள்களை அனுப்பினேன். கைக்கு வந்தது 14,400.

கம்பெனி ஏமாற்றவில்லை. எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். ஒரு நோய்க்குக் காப்பீட்டுத் தொகையில் பாதிதான் என்று ஒரு வரி. ஒவ்வொரு கிளைமிலும் முதல் 2,000 நம் பொறுப்பு என்று இன்னொரு வரி. மிச்சத்தில் நூற்றுக்கு இருபது நாம் கட்ட வேண்டும் என்று மூன்றாவது வரி. மூன்றையும் நான் படித்திருந்தேன். எந்த வரிசையில் கழிப்பார்கள் என்பதைத்தான் படிக்கவில்லை. 28,000-ல் முதலில் 2,000 கழித்து, மிச்சம் 26,000-ல் இருபது சதவீதம் போக 20,800 வந்து, கடைசியில் உச்சவரம்பு 20,000-ஐப் போட்டால் எனக்கு 20,000 கிடைத்திருக்கும். அவர்கள் முதலிலேயே 28,000-ஐ 20,000 ஆக வெட்டினார்கள். பிறகு 2,000 கழித்தார்கள், 18,000. பிறகு இருபது சதவீதம். 14,400. எண்கள் அதேதான், வரிசை மட்டும் மாறியதில் 5,600 ரூபாய் போனது. பாலிசி வாங்குகிற ஒவ்வொருவரும் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும் என்பேன். பிரீமியம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மாதம் முழுவதும் பாலிசித் தாளை வரிவரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. எல்லைக்கோடு என்று அவர்கள் போட்டிருக்கும் பெரும்பாலான இடங்களுக்குப் பின்னால் நாயின் உடம்பைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு இருக்கிறது. அந்த உடம்பு எங்கே பிறந்து எங்கே வாழும் நாயினுடையது என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு முன் இன்சூரன்ஸின் அடிப்படை. அது நம் ஊருக்குப் புதிதல்ல. ஏலச்சீட்டு பிடிக்காத தெரு இங்கே ஏது? சீட்டில் எல்லாருக்கும் ஒரு முறை பணம் வரும். இன்சூரன்ஸில் யாருக்கும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கட்டுகிறோம். தெருவில் இருபது நாய் இருக்கிறது, ஆண்டுக்கு இருபதில் ஒன்றுக்குப் பெரிய செலவு வரும், செலவு இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆயிரம் போட்டால் சரியாகப் போகும் என்று தோன்றும். போகாது. கணக்குப் போட்டால், மூன்று ஆண்டுக்கு ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக யாருக்குமே ஒன்றும் வராது. பதின்மூன்று ஆண்டுக்கு ஓராண்டு மூன்றோ அதற்கு மேலோ நாய்கள் விழும்; அன்றைக்குச் சீட்டு உடையும். இதே கணக்கை ஆயிரம் நாய்களுக்குப் போட்டால் ஆண்டுக்கு ஐம்பது நாய். பெரும்பாலான ஆண்டுகளில் 43-க்கும் 57-க்கும் இடையில்தான் நிற்கும். கூட்டம் பெருகப் பெருக ஏற்ற இறக்கம் அடங்குகிறது. இன்சூரன்ஸ் விற்பது இந்த அடக்கத்தைத்தான்.

இருபதில் ஒன்று என்றதும் எனக்கு நம் கடற்கரையின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பில் கிடைப்பதில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதியிருக்கிறார். கடல்கட்டி என்று அவர்களைச் சொல்வார்கள். கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்த காலம் அது. தூத்துக்குடியில் கடைசியாக 1961-ல் முத்துக் குளித்தார்கள். மூச்சடக்கிக் கீழே போகிறவனுக்குத் தைரியம் தேவை, அந்தத் தைரியத்துக்கு இருபதில் ஒரு பங்கு விலை கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் தருவது அதுவல்ல. அது பாம்பையும் தடுக்காது, சுறாவையும் கட்டாது. கடித்த பிறகு வரும் செலவைப் பலர் தலையில் பிரித்துப் போடும், அவ்வளவே. பாலிசி எடுத்துவிட்டோம் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

ஆயிரம் நாய்க் கணக்கு ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கும். ஒரு நாய்க்கு வருவதற்கும் அடுத்த நாய்க்கு வருவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. தொற்றுநோய் அந்த நிபந்தனையை உடைக்கிறது. பார்வோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-க்கு முன் நாய்களில் இப்படி ஒரு கொள்ளைநோயை யாரும் அறிந்ததில்லை. பூனைகளைத் தாக்கும் வைரஸுக்கு உறவான ஒன்று சிறு மாற்றங்களால் நாயின் செல்லுக்குள் நுழையக் கற்றுக்கொண்டது, ஓரிரு ஆண்டுகளில் உலகத்தைச் சுற்றி வந்தது. வேகமாகப் பிரியும் செல்கள்தான் அதற்கு வேண்டும். அதனால் குட்டியின் குடலில், சுவரைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்களைத் தின்கிறது. குடலின் உட்சுவர் உரிந்து ரத்தமாகப் போகிறது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு தெருவில் ஒரு குட்டிக்கு வந்தால் தடுப்பூசி போடாத எல்லாக் குட்டிக்கும் வரும். இப்படி ஒரே நேரத்தில் எல்லாரும் கை நீட்டினால் எந்தச் சீட்டும் தாங்காது. ஆகவே தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்கள் வந்தால் தடுப்பூசி அட்டையைக் காட்டு என்கிறார்கள்: பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், வெறிநோய். நியாயமான எல்லைதான் இது. பணக்கணக்கை விட்டாலும், உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடும் நாட்டில், அந்த அட்டை வெறும் கிளைம் தாள் இல்லை.

அட்டையில் ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண் ஸ்டிக்கர், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் இலவசமாகப் போட்டாலும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் ஊசி போடுவார்கள், எழுதி வாங்க மாட்டார்கள்.

காத்திருப்புக் காலம் என்று ஒன்று எல்லாப் பாலிசியிலும் உண்டு. முதல் பதினைந்து நாளோ முப்பது நாளோ நோய்க்குப் பணம் கிடையாது. பணத்தைக் கட்டிய அன்றே ஏன் காக்க வைக்கிறார்கள் என்று கோபம் வரும். நோய் உடம்புக்குள் நுழைந்த நாளுக்கும் வெளியே தெரியும் நாளுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. பார்வோவுக்கு மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் இரண்டு வாரம். எலிக்காய்ச்சலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம். டிஸ்டெம்பருக்குப் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம். முப்பது நாள் என்ற எண் இவற்றையெல்லாம் தாண்டி நிற்கிறது. குட்டி சோர்ந்து படுத்த பிறகு ஓடிப்போய்ப் பாலிசி எடுப்பதைத் தடுக்கும் வேலி அது. வேலி இல்லாவிட்டால் நோயாளி நாய்கள் மட்டுமே சேர்ந்து, பிரீமியம் ஏறி, நல்ல நாய் வைத்திருப்பவர்கள் விலகி, கடைசியில் சீட்டே கலைந்துபோகும்.

ஆனால் இந்த வேலி கரிசல் காட்டின் ஒரு நோய்க்கு முன்னால் குழம்பிப்போகிறது. அது உண்ணிக் காய்ச்சல்.

பழுப்பு நாய் உண்ணிக்கு வெயில் ஊர்தான் பிடிக்கும். சுவரின் வெடிப்பு, தொழுவத்து ஓலை, கட்டில் கால் என்று எங்கும் ஒளியும். ஆண்டு முழுவதும் பெருகும். அது கடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் நாயின் வெள்ளணுவுக்குள் இறங்குகிறது. எட்டு முதல் இருபது நாளில் காய்ச்சல் வரும், சோறு இறங்காது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே சரியாவது போல இருக்கும். சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். நுண்ணுயிர் உள்ளேயே தங்கிவிடும். நாய் ஓடும், குரைக்கும், தின்னும். மாதங்கள், சில நாய்களில் ஆண்டுகள் அப்படியே கழியும். பிறகு ஒரு நாள் மூக்கில் ரத்தம் கொட்டும்.

இப்போது சொல்லுங்கள், இந்த நோய் எப்போது வந்தது? பாலிசி எடுத்த பிறகு மூக்கில் ரத்தம் வந்தது, ஆகவே புதிய நோய் என்பது நம் வாதம். நுண்ணுயிர் இரண்டு ஆண்டுக்கு முன்பே உள்ளே இருந்தது, ஆகவே முன்பே இருந்த நோய் என்பது அவர்கள் வாதம். உயிரியல் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். தீர்ப்பு பாலிசியில் இருக்கும் ஒரு சொல்லில்தான் இருக்கிறது: முன்பே இருந்த நோய் என்றால் முன்பே கண்டறியப்பட்டதா, முன்பே அறிகுறி காட்டியதா, அல்லது முன்பே உள்ளே இருந்ததா? மூன்றாவது பொருள் எழுதியிருந்தால் தெற்குத் தமிழ்நாட்டு நாய்க்கு அந்தப் பாலிசியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் பொருள் என்றால் நல்லது. பாலிசி எடுக்கும் வாரத்திலேயே ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து தாளைப் பத்திரப்படுத்திக்கொண்டால் பிற்பாடு பேச நமக்கு ஆதாரம் இருக்கும்.

அந்தத் தாளை வாசிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓடுவதற்கென்றே உருவான கிரேஹவுண்டுக்கு இயல்பிலேயே சிவப்பணு அதிகம், தட்டணு குறைவு. மற்ற நாய்களுக்கான அளவுகோலை வைத்துப் பார்த்தால் நல்ல கிரேஹவுண்டும் நோயாளியாகத் தெரியும். கன்னியும் சிப்பிப்பாறையும் அதே உடல்வாகு கொண்ட ஓட்டக்கார நாய்கள். ஒரே ஒரு குறைந்த எண்ணை வைத்து ‘பழைய உண்ணிக் காய்ச்சல்’ என்று யாரும் எழுதிவிடாதபடி, நுண்ணுயிரையே தேடும் பிசிஆர் பரிசோதனையையும் கேட்க வேண்டும்.

நம் நாய்களின் பேரை எடுத்த பிறகு வெள்ளை ராஜபாளையத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 2005-ல் அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்றாக நின்ற இனம். இளஞ்சிவப்பு மூக்கு, பால் வெள்ளை உடம்பு. அதில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. வெள்ளைக்கும் செவிட்டுத்தனத்துக்கும் என்ன தொடர்பு? தோலுக்கு நிறம் தரும் செல்கள், கரு வளரும்போது முதுகுத்தண்டுப் பகுதியிலிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் பரவுகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் உள்காதுக்கும் போகிறது. அங்கே அவற்றின் வேலை நிறம் பூசுவதல்ல. காதுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது. ஒலியை மின்துடிப்பாக மாற்றும் நுண்முடிச் செல்கள் அந்தத் திரவத்தை நம்பித்தான் வாழ்கின்றன. உடம்பு முழுக்க வெள்ளையாக்கும் மரபணு அந்தச் செல்களின் பயணத்தைத் தடுத்தால், சில குட்டிகளில் உள்காதுக்கும் அவை போய்ச் சேருவதில்லை. கண் திறந்து சில வாரங்களுக்குள் நுண்முடிச் செல்கள் செத்துப்போகின்றன. டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் நூற்றுக்கு முப்பது வரை ஒரு காதோ இரண்டு காதுகளுமோ கேளாதவை.

இது பிறவிக் குறை, பரம்பரைக் குறை. ஏறக்குறைய எல்லாப் பாலிசியும் இதை வெளியே நிறுத்துகிறது. இடுப்பு மூட்டு விலகலும் பல பாலிசிகளில் அதே கதி. பாலிசியால் தீராத இந்தக் குறையைக் குட்டி வாங்கும் நாளில்தான் தீர்க்க முடியும். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் சோதனை இருக்கிறது. செவிட்டுக் குட்டி பிறந்த ஜோடியை மறுபடி சேர்க்காமல் இருப்பதுதான் இந்த இனத்துக்கு நாம் செய்யும் உண்மையான காப்பு.

வயது வரம்பு இன்னொரு எல்லை. சிறிய நாயை ஏழெட்டு வயதிலும் சேர்த்துக்கொள்பவர்கள், கிரேட் டேன் போன்ற பெரிய உடம்புக்கு நான்கைந்து வயதிலேயே கதவை மூடுவார்கள். 2013-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 74 இனங்களின் சாவுக் கணக்கை வைத்துப் பார்த்ததில், இரண்டு கிலோ எடை கூடுவதற்கு ஆயுளில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது என்று தெரிந்தது. பெரிய நாய்க்கு முதுமை தொடங்குவது சீக்கிரம் என்பதைவிட, தொடங்கிய பிறகு அது ஓடும் வேகம் அதிகம். நம் நாய்களுக்கு இதில் ஓர் அநீதி நடக்கக்கூடும். கன்னி உயரமான நாய், எடையோ மெலிந்தது. உயரத்தைப் பார்த்துப் ‘பெரிய இனம்’ பட்டியலில் சேர்த்தால் பிரீமியமும் கூடும், வயது வரம்பும் குறையும். எடைச்சீட்டை இணைத்து, எந்த வகையில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? ஒரு முக்கியமான ஊற்று வடக்கு ஐரோப்பா. ஸ்வீடனில் 1890-ல் குதிரைக்கும் கால்நடைக்கும் தொடங்கிய காப்பீடு, 1924-ல் நாய்க்கும் வந்தது. இன்று அங்கே பெரும்பாலான நாய்களுக்குப் பாலிசி இருக்கிறது. அதனால் அந்தக் கம்பெனிகளின் ஏடே ஓர் ஆராய்ச்சிச் சுரங்கமாகிவிட்டது. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கர்ப்பப்பையில் சீழ் கட்டுகிறது என்று உலகம் அறிந்தது அந்தக் கிளைம் தாள்களிலிருந்துதான். இனத்துக்கு இனம் அது எப்படி மாறுகிறது என்றும் பிரித்துச் சொல்ல முடிந்தது. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் இப்படி ஓர் ஏடு வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நூற்றாண்டு கடந்த வேப்பேரிக் கல்லூரி இருக்கிறது. இந்த இரண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்தால் அந்த ஏட்டை எழுதலாம். நாம் போடும் ஒவ்வொரு ஒழுங்கான கிளைமும் அதில் ஒரு வரி.

இந்தியாவில் நாய்க் காப்பீடு நேற்று வந்ததல்ல. நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா போன்ற அரசுக் கம்பெனிகள் மாடு, ஆடு, கோழி வரிசையில் நாயையும் வைத்திருந்தன. அவை பெரும்பாலும் செத்தால் விலை கொடுக்கும் பாலிசிகள். 2020-ல் பஜாஜ் அலையன்ஸ் நாய்ப் பாலிசி கொண்டுவந்தபோது ஆஸ்பத்திரிச் செலவும் அறுவைச் சிகிச்சையும் முன்னுக்கு வந்தன. நாட்டு நாய், கலப்பு நாய் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. வேறு தனியார் கம்பெனிகளும் பின்னால் வந்தன. வாங்கும்போது இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சாவுக்கான காப்பில், சாகும் நாளில் சந்தை விலை என்னவோ அதுதான் கிடைக்கும். பாலிசியில் எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு மட்டுமே. கன்னியை விற்கும் வழக்கம் ஒரு காலத்தில் எங்கள் பக்கம் இல்லை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அனுப்பிய நாய் என்பதால்தான் அந்தப் பேர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சீராக வந்த நாய்க்கு ரசீது ஏது? ரசீது இல்லாத நாயின் விலையைக் கம்பெனி தாழ்த்தித்தான் எழுதும். மைனாவுக்காக நான் வேண்டியது அதன் விலையை அல்ல. அது பிழைக்க ஆகும் செலவை. ஆகவே சாவுக் காப்பைக் குறைத்துச் சிகிச்சைக் காப்பைக் கூட்டி வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

நாய் எதற்காக வளர்க்கப்படுகிறது என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். ஓட்டப்பிடாரத்துக்கு அருகில் இருக்கும் பாஞ்சாலங்குறிச்சியே, துரத்தி வந்த வேட்டை நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று விரட்டிய மண் என்று கண்டு கோட்டை கட்டிய இடம் என்பது வாய்மொழிக் கதை. அந்தக் கதை நம் பெருமை. ஆனால் முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வேட்டையில், பந்தயத்தில், குட்டி போட்டு விற்கும் தொழிலில் வந்த பாதிப்புக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது. குட்டி ஈனும்போது வரும் சிக்கலும் அப்படித்தான். உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது.

நாய் பிறரைக் கடித்தால் வரும் பொறுப்புக்குத் தனிக் காப்பு உண்டு. வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அந்த அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது. கடிபட்டவருக்கு நீதிமன்றம் விதிக்கும் நஷ்டஈட்டைத்தான் வரம்புக்குள் கட்டும்.

இது என் நாய்தான் என்று எப்படி நிரூபிப்பது? மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். காதுவில்லையில் பன்னிரண்டு இலக்க எண். வில்லை இல்லாவிட்டால் கிளைம் இல்லை. தேசியக் கால்நடை இயக்கத்தில் மாடு, ஆடு காப்பீட்டுப் பிரீமியத்தில் 2024 முதல் வளர்ப்பவர் 15 சதவீதம் கட்டினால் போதும், மிச்சத்தை அரசுகள் ஏற்கின்றன. ஆட்டுக் கிடைக்குக் காவல் நிற்கும் நாய் அந்தத் திட்டத்தில் இல்லை. இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நாய்க்கு வில்லைக்குப் பதில் அரிசி அளவில் ஒரு மைக்ரோசிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் வைக்கிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. வாசிப்புக் கருவியை அருகில் கொண்டுபோனால் அதன் மின்காந்த அலையிலேயே உயிர் பெற்றுப் பதினைந்து இலக்க எண்ணைச் சொல்லும். நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. பலர் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனி கிளைமை மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

போன தை மாதம் மைனாவின் பாலிசியைப் புதுப்பிக்கும் முன் இரண்டு கேள்விகளை என் கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். கழிவுகளை எந்த வரிசையில் போடுவீர்கள்? பாம்புக்கடி உங்கள் கணக்கில் விபத்தா, நோயா, நஞ்சா? இரண்டாவது கேள்வியில்தான் நம் ஊர் நாயின் உயிர் இருக்கிறது. விபத்து என்றால் காத்திருப்புக் காலம் இல்லை, பல பாலிசிகளில் உள்வரம்பும் வேறு. நோய் என்றால் என் 14,400 கதைதான். நஞ்சு என்று விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால் ஒன்றுமே இல்லை. முதல் கம்பெனி நோய் என்றே பதில் எழுதியது. இன்னொன்று விபத்து என்று எழுத்தில் தந்தது, பிரீமியம் சற்று அதிகம். அதற்கு மாறினேன்.

அன்று மைனாவைத் தூக்கச் சொன்ன ஆட்டுக்காரர் போன வாரம் திண்ணைக்கு வந்தார். அவருடைய சிப்பிப்பாறை ஆறு குட்டி போட்டிருக்கிறது. "நம்ம நாய்க்கும் ஒண்ணு எடுத்துருவமா அண்ணாச்சி?" என்று கேட்டார். தடுப்பூசி அட்டையைக் கொண்டு வரச் சொன்னேன். வெறிநாய் ஊசி மூன்று முறை போட்டிருக்கிறார், ஒரு முறைகூட எழுதி வாங்கவில்லை. திங்கட்கிழமை காலை இருவருமாக மாட்டாஸ்பத்திரிக்குப் போவதாக இருக்கிறோம்.